6 இன்ச் மெத்தை அளந்தா 5¼ தான் இருக்கு, விளம்பரத்துல போட்ட அளவுக்கு கேஸ் நிக்குமாங்க?

பவானிக்காரன்
வணக்கமுங்க. போன மாசம் ஆன்லைன்ல ஒரு குயின் சைஸ் மெத்தை வாங்குனேன். கம்பெனி பேர் வேண்டாம், பேர் சொன்னா அதுக்கு ஒரு நோட்டீஸ் வரும். விக்கிற பக்கத்துல பெருசா 78 x 60 x 6 இன்ச்னு போட்டு, பக்கத்துலயே ஸ்கேல் வெச்ச மாதிரி படம், அம்புக்குறி போட்டு 6ன்னு எழுதியிருந்துச்சு. "32 டென்சிட்டி ஒரே ஃபோம்"னும் போட்டிருந்தாங்க. விலை 11,400. சுருட்டி அட்டைப்பெட்டில வந்துச்சு, பிரிச்சுப் போட்டோம். எங்க அப்பா ஆசாரிகிட்ட சொல்லி செஞ்ச தேக்கு கட்டில், மெத்தை 6 இன்ச்னு கணக்கு வெச்சுத்தான் சைடு பலகை எறக்கியிருக்கு. இப்ப மெத்தை பலகைக்கு கீழ போய் உக்காந்துக்குது, எந்திரிக்கறப்ப தொடைல பலகை குத்துது. டேப் வெச்சு அளந்தா தடிமன் 5¼, நீளம் 77. போன் பண்ணுனா அந்தப் பொண்ணு "சார் ப்ளஸ் ஆர் மைனஸ் வரும் சார், பக்கத்துலயே போட்டிருக்கு சார்"ங்குது. தேடிப்பாத்தா கடைசில, கேள்வி பதில் எல்லாம் தாண்டி, சின்ன எழுத்துல "அளவில் சிறிய மாறுபாடு இருக்கலாம்"னு ஒரு வரி. இதுக்கு ஏதாச்சும் பண்ண முடியுங்களா, இல்ல வாயை மூடிட்டு படுத்துக்கறதா?

சும்மா வந்தேன்
முக்கால் இன்ச்சுக்கு கேஸா? தூக்கம் வருதா இல்லியா அத சொல்லுங்க மொதல்ல

பவானிக்காரன்
வருதுங்க, ஆனா கோவத்தோட வருது

தச்சன்மகன்
அண்ணே கோவிச்சுக்காதீங்க, மொத கேள்வி, எப்படி அளந்தீங்க? மெத்தையோட ஓரத்துல டேப்ப நிறுத்தி அளந்தா அளவு தப்பா வரும். ஓரம் தையல்ல இழுத்துப் பிடிச்சு குறுகித்தான் இருக்கும். நல்ல தரைல போடுங்க, மேல நேரான பலகை ஒண்ணு படுக்க வைங்க, அமுக்காதீங்க, பலகையோட அடில இருந்து தரை வரைக்கும் நாலு எடத்துல அளந்து எழுதுங்க. அப்புறம் சுருட்டி வர்ற மெத்தை உப்பி வர ரெண்டு மூணு நாள் ஆகும், அதுக்கு முன்ன அளந்தது செல்லாது.

இன்னொன்னு, டேப் நுனில இருக்கற கொக்கி லேசா ஆடும். நெறைய பேர் டேப் லூஸாயிடுச்சுன்னு தட்டி இறுக்கிடுவாங்க. அது ஆடத்தான் செய்யணும், உள்ள வெச்சு அளந்தாலும் வெளிய மாட்டி அளந்தாலும் அந்தத் தகடோட கனம் கணக்குல சரியாகறதுக்குத்தான் அந்த ஆட்டம். இறுக்குன டேப்பா இருந்தா அதயே அவன் சாக்கா சொல்லுவான்.

பவானிக்காரன்
இது நல்ல யோசனைங்க. பிரிச்சு பன்னண்டு நாள் ஆச்சு. பலகை வெச்சு அளந்துட்டு வரேன்.

பூவும் நாரும்
எங்க ஊர்ல பூக்காரம்மாகிட்ட முழம் என்ன நீளம்னு கேட்டா "என் கை நீளம்"னு சொல்லும். கை குட்டையான அம்மாகிட்ட நான் வாங்க மாட்டேன். அப்படி ஒரு ஏற்பாடு இருக்கறதால யாரும் கேஸ் போடறதில்ல 😄

தச்சன்மகன்
சிரிக்காதீங்க, எங்க தொழில்லயும் அதுதான். அஞ்சுக்கு மூணு நிலைச்சட்டம்னு சொல்லுவோம், அறுத்த அளவு அது. இழைச்சு முடிச்சா கால் இன்ச் போயிடும். வீட்டுக்காரர் டேப் எடுத்துட்டு வந்து நின்னா தலைவலி. பிளைவுட்லயும் 19 எம்எம்னு சொல்லி விக்கறது காலிபர் வெச்சா அதுக்குக் கீழ வரும். ஐஎஸ் 303ன்னு பிளைவுட்டுக்கு இந்தியத் தர விதி ஒண்ணு இருக்கு, அதுல கூடக்குறைய எவ்வளவு வரலாம்னு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்புக்குள்ள இருந்தா தொழில், தாண்டுனா திருட்டு. எங்க ஆளுக பாதிப்பேர் எப்பவும் அந்த வரம்போட கீழ் நுனிலயே நிக்கறாங்க, கூட வந்ததா ஒருத்தன் சொல்லி நான் கேட்டதில்ல.

ஜெர்சிவாசி
தச்சன்மகன் சொன்ன மரக்கட்டை விஷயம் இங்க அமெரிக்கால கோர்ட்டுக்கே போயிருக்கு. மெனார்ட்ஸ், ஹோம் டிப்போ ரெண்டு கடை மேலயும் இல்லினாய்ல வழக்கு. 4x4 போஸ்ட்னு விக்கறான், அளந்தா மூணரைக்கு மூணரை தான் இருக்கு, ஏமாத்திட்டான்னு. 2017ல மெனார்ட்ஸ் வழக்கை ஜட்ஜ் எட்மண்ட் சாங் தள்ளுபடி பண்ணிட்டார். 4x4ங்கறது அந்தக் கட்டைக்கு வழக்கமா இருக்கற பேரு, லேபிள்ல அந்த எண்ணுக்கு பக்கத்துல இன்ச்னு குறியே இல்லன்னு. அதாவது பேரா அளவாங்கறது தான் கேள்வி. பேருன்னா ஒண்ணும் கெடைக்காது, அளவுன்னா அது வாக்குறுதி.

இங்க சட்டத்துல இதுக்கு எக்ஸ்பிரஸ் வாரன்டின்னு பேரு. வாரன்டின்னா நாம ஒரு வருஷ வாரன்டி கார்டுன்னு நெனைப்போம், அது வேற. யூசிசின்னு ஒரு வணிகச் சட்டம், அதுல 2-313னு ஒரு பிரிவு. விக்கறவன் பொருளப் பத்தி ஒரு உண்மைய சொன்னாலோ, வாக்கு குடுத்தாலோ, இப்படிப்பட்ட பொருள்னு வர்ணிச்சாலோ, சாம்பிள் காட்டுனாலோ, அது அந்த வியாபாரத்துக்கு அடிப்படையா இருந்துச்சுன்னா அதுவே வாரன்டி. "கேரன்டி"ங்கற வார்த்தைய அவன் சொல்லவே வேண்டாம். "சொகுசா இருக்கும்"னா அது பீத்தல், அதுக்கு கேஸ் நிக்காது. "6 இன்ச்"னா அது எண்ணு, அளந்து பாத்து உண்மையா பொய்யான்னு சொல்லிடலாம், அதனால நிக்கும். சின்ன எழுத்துல கீழ போட்டு மேல சொன்னத கழட்டிக்கறதும் இங்க அவ்வளவு சுலபம் இல்ல, சொன்னதும் மறுத்ததும் ஒத்துப்போகலன்னா மறுத்தது செல்லாதுன்னு 2-316 பிரிவுலயே இருக்கு.

பவானி அண்ணன் இதுல எங்க நிக்கறார்னா, 78 x 60 x 6 "இன்ச்"னு போட்டு ஸ்கேல் படமும் வெச்சிருக்கான். அது பேரு இல்ல.

சும்மா வந்தேன்
அமெரிக்கா சட்டம் பவானில செல்லுமா ப்ரோ

ஜெர்சிவாசி
செல்லாது. யோசிக்கற முறைக்காக சொன்னேன். நம்மூர் சட்டத்த தெரிஞ்சவங்க யாராச்சும் வருவாங்க, அதுவரைக்கும் நான் ஓட்டிட்டிருக்கேன்.

ஹார்ட்டிஸ்க் அண்ணாச்சி
இந்த அளவுச் சண்டைல ரொம்பப் பழைய ஆளு நாங்க. 98ல ரிச்சி ஸ்ட்ரீட்ல கடை வெச்சிருந்தப்ப 15 இன்ச் மானிட்டர்னு விப்போம், கண்ணாடில படம் தெரியறது 13.8 தான், மீதி பிளாஸ்டிக் சட்டத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கும். அமெரிக்கால அதுக்கு வழக்கு போட்டு, அப்புறந்தான் பெட்டில "கண்ணுக்குத் தெரியும் அளவு"ன்னு தனியா ஒரு எண்ணு போட ஆரம்பிச்சான்.

ஹார்ட் டிஸ்க் கதை இன்னும் ஓடுது. 1 டிபி வாங்கி மாட்டுனா விண்டோஸ்ல 931 ஜிபின்னு காட்டும், கஸ்டமர் சட்டையப் பிடிப்பார். கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமா பெருக்கறான், கம்ப்யூட்டர் 1024ஆ பெருக்குது, அவ்வளவு தான், பைட்ல எண்ணுனா ரெண்டும் ஒண்ணு தான். 2006ல வெஸ்டர்ன் டிஜிட்டல் இதுக்கு ஒரு வழக்க சமரசம் பண்ணி பேக்கப் சாப்ட்வேர் குடுத்தான். அடுத்த வருஷம் சீகேட்டும் அதே மாதிரி, வாங்குன விலைல 5 சதவீதம் இல்லாட்டி சாப்ட்வேர்னு. அதுக்கப்புறம் எல்லாப் பெட்டிலயும் 1 ஜிபின்னா நூறு கோடி பைட்னு பொடி எழுத்துல ஒரு வரி வந்துச்சு. பின்னால சான்டிஸ்க் மேல ஒருத்தர் பென்டிரைவுக்கு இதே வழக்கப் போட்டப்போ அந்த வரியக் காட்டியே கம்பெனி தப்பிச்சுக்கிச்சு. ஆக மொத வழக்கு போட்டவங்களால நமக்கு கெடைச்சது அந்தப் பொடி எழுத்து.

கௌரி டீச்சர்
டிவி வாங்குனவங்க யாராவது பெட்டியப் படிச்சீங்களா? எங்க வீட்டு டிவிய எல்லாரும் 32 இன்ச்னுதான் சொல்றோம், பெட்டில பெருசா 80 செமீன்னு இருக்கு. 32ஐ 2.54ஆல பெருக்குனா 81.28 வரணும். எட்டாங்கிளாஸ் பசங்களுக்கு இதக் கணக்கா குடுத்தேன், ஒரு பையன் வீட்ல போய் அளந்துட்டு வந்து "மிஸ் முப்பத்தி ஒண்ணரை தான் இருக்கு"ன்னான். 43ங்கறதும் 108 செமீ தான், கணக்குப்படி 109க்கு மேல வரணும்.

ஹார்ட்டிஸ்க் அண்ணாச்சி
டீச்சர் கரெக்ட். நம்ம நாட்டுல இன்ச் சட்டப்படியான அளவே இல்ல, மெட்ரிக்ல தான் போடணும். அதனால செமீல உண்மையச் சொல்லிட்டு பக்கத்துல 32ங்கறத பேரு மாதிரி போட்டுக்கறான். ஜெர்சித்தம்பி சொன்ன 4x4 கட்டை கதை தான்.

வக்கீல்வண்டி
லேட்டா வந்ததுக்கு மன்னிக்கணும், ரெண்டு நாளா மதுரைல இல்ல. இந்திய நிலவரம் நான் சொல்றேன், நீளமா இருக்கும், டீ போட்டுட்டு வந்து படிங்க.

நெட்ல தேடுனா நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ல பிரிவு 84 கண்ணுல படும். பொருள் எக்ஸ்பிரஸ் வாரன்டிக்கு ஒத்துப்போகலன்னா தயாரிப்பாளர் பொறுப்பு, கவனக்குறைவோ மோசடியோ இல்லன்னு அவர் நிரூபிச்சாலும் பொறுப்பு தான்னு ஜோரா எழுதியிருக்கும். படிச்ச உடனே ஜெயிச்சிட்டோம்னு தோணும். அவசரப்படாதீங்க. அது பொருளால தீங்கு நேர்ந்தா கேக்கற வழக்குக்கு உண்டானது. தீங்குன்னா என்னன்னு 2வது பிரிவுல விளக்கம் இருக்கு, அதுல பொருளுக்கே வர்ற சேதத்தையும் வெறும் பண நஷ்டத்தையும் வெளிய தள்ளி வெச்சிருக்காங்க. மெத்தை வெடிச்சு உங்களுக்கு காயம்னா 84. மெத்தை முக்கால் இன்ச் கம்மின்னா 84 உதவாது. இதத் தெரியாம மனுவ அந்தப் பிரிவுல எழுதிட்டு வந்து நிக்கறவங்கள நானே பாத்திருக்கேன்.

உங்களுக்கு வேண்டியது பிரிவு 2(10), "குறைபாடு"ங்கற வார்த்தைக்கு விளக்கம். தரம், அளவு, வீரியம், தூய்மை இதுல எதுலயாவது குறை. எதோட ஒப்பிட்டு குறைன்னா, சட்டம் சொன்னதோட, ஒப்பந்தத்தோட, இல்லன்னா வியாபாரி எந்த விதத்துல சொல்லியிருந்தாலும் அதோட. கடைசில இருக்கற அந்த "எந்த விதத்துல சொல்லியிருந்தாலும்"ங்கறது தான் நம்ம கைல இருக்கற அரிவாள். விளம்பரப் படம், அம்புக்குறி, ஸ்கேல், எல்லாம் அதுல அடங்கும். கூடவே இந்தத் தரம், இந்த அளவுன்னு பொய்யாக் காட்டி விக்கறத நியாயமற்ற வணிக முறைன்னு அதே சட்டம் சொல்லுது. இதெல்லாம் புதுசும் இல்ல, 1930ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம் 15வது பிரிவே வர்ணனை சொல்லி வித்தா பொருள் அந்த வர்ணனைக்கு ஒத்து இருக்கணும்னு தான் சொல்லுது.

பணம்: பொருளோட விலை 5 லட்சத்துக்குள்ளன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல ஃபீஸ் கிடையாது. ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். கம்பெனி பெங்களூர்ல இருந்தாலும் நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், உங்களுக்கு ஈரோடு. வக்கீல் கட்டாயம் இல்ல, இதச் சொல்றதால என் பொழப்புல மண்ணு விழுது, பரவால்ல. மாத்தித் தா, பணத்தத் திருப்பித் தா, நஷ்டஈடு தா, மூணுல எதையும் கேக்கலாம்.

இப்ப போட்டுட்டு வாங்கன்னு சொல்லல. மொதல்ல எழுத்துல புகார் அனுப்புங்க. போன்ல பேசுனது காத்துல போயிடும்.

பவானிக்காரன்
ஐயா ரொம்ப நன்றிங்க. அந்தப் பொடி எழுத்து? "சிறிய மாறுபாடு"?

வக்கீல்வண்டி
அதுல எவ்வளவுன்னு எண்ணு இருக்கா?

பவானிக்காரன்
இல்லீங்க, சிறியன்னு மட்டும்

வக்கீல்வண்டி
அப்ப சிறியங்கறது எவ்வளவுன்னு அவன் தான் ஆணையத்துல விளக்கணும். ஆறுல முக்கால் சிறியதான்னு கேக்க எனக்கே ஆசையா இருக்கு.

சும்மா வந்தேன்
இதெல்லாம் பேச நல்லாருக்கு, நடைமுறைல யாருக்காவது ஒரு ரூபா வந்திருக்கா? பிஸ்கட் கேஸ் மட்டும் பேப்பர்ல பாத்தேன்

வக்கீல்வண்டி
வந்திருக்கு, அந்த பிஸ்கட்டே நல்ல உதாரணம். ஐடிசியோட சன்ஃபீஸ்ட் மேரி லைட், உறைல 16 பிஸ்கட்னு போட்டிருந்துச்சு, உள்ள 15. மணலி பக்கத்து ஆள் ஒருத்தர் திருவள்ளூர்ல வழக்கு போட்டார். கம்பெனி என்ன சொல்லுச்சுன்னா நாங்க எண்ணி விக்கல, எடை போட்டு விக்கறோம், 76 கிராம்னு போட்டிருக்கு பாருங்கன்னு. எடை போட்டா 74 தான் இருந்துச்சு. எடைலயும் 4.5 கிராம் வரைக்கும் கூடக்குறைய வரலாம்னு விதி இருக்குன்னு அடுத்து சொன்னாங்க. அந்தச் சலுகை காத்துல ஆவியாகி எடை குறையற சரக்குக்கு, பிஸ்கட்டுக்கு இல்லன்னு சொல்லி 2023ல ஒரு லட்சம் நஷ்டஈடு, 10,000 செலவுத் தொகை. அவர் கேட்டது கோடிகள்ல, அது வேற விஷயம்.

என் கருத்து, எடை விஷயத்துல அந்தத் தீர்ப்பு கொஞ்சம் கடுமை தான். ஆனா 16ன்னு எண்ணு போட்டதுக்கு கம்பெனிகிட்ட பதிலே இல்ல. எடை போட்டு விக்கறவன் எதுக்கு உறைல எண்ணு போட்டான்? வாங்கறவன் கண்ணுக்காகத் தான போட்டான்?

அடுத்த வருஷம் திருச்சூர்ல பிரிட்டானியா ஆரோரூட் பிஸ்கட், 300 கிராம்னு போட்ட பாக்கெட் ஒண்ணு 268, இன்னொண்ணு 249. அந்த எடைக்கு விதி அனுமதிக்கற பிழை 9 கிராம். கம்பெனியும் வித்த பேக்கரியும் சேந்து செலவோட 60,000 குடுக்கணும்னு உத்தரவு. இதுல வாதாட ஒண்ணுமே இல்ல.

பூவும் நாரும்
ஒரு பிஸ்கட்டுக்கு ஒரு லட்சம். நான் இத்தன வருஷமா எண்ணாம தின்னுட்டேனே

ஜெர்சிவாசி
இதுக்கு எதிர்ப்பக்கம் ஒரு கதை இருக்கு, சொல்லியே ஆகணும், இல்லன்னா எல்லாரும் டேப்போட கெளம்பிடுவீங்க. சப்வே ஃபுட்லாங் சாண்ட்விச். ஃபுட்லாங்னா ஒரு அடி, 12 இன்ச். 2013 ஜனவரில ஆஸ்திரேலியாவுல ஒரு பையன் ஃபுட்லாங் பக்கத்துல டேப் வெச்சு போட்டோ எடுத்து பேஸ்புக்ல போட்டான், 11 இன்ச் தான் இருந்துச்சு. உலகம் பூரா பரவி, அமெரிக்கால அங்கங்க வழக்கு, எல்லாத்தையும் மில்வாக்கில ஒண்ணா சேத்தாங்க.

உள்ள போய்ப் பாத்தா விஷயம் கந்தல். எல்லாக் கடைக்கும் போற மாவு உருளை ஒரே எடை. அடுப்புல வேகறப்ப ஒண்ணு நீளமா வரும், ஒண்ணு குட்டையா அகலமா வரும். உள்ள வைக்கற இறைச்சி சீஸும் அளவு மாறல. அதாவது 11 இன்ச் சாப்பிட்டவனும் 12 இன்ச் சாப்பிட்டவனும் தின்னது ஒரே ரொட்டி. பெரும்பாலான ரொட்டி 12 இருந்துச்சு, குறைஞ்சதும் கால் இன்ச் அந்த மாதிரி. நஷ்டம் எங்க?

ஆனாலும் சமரசம் பேசுனாங்க. கடைல அளவு பாக்கற ஏற்பாடு வைக்கறோம், நாலு வருஷத்துக்கு. அதுலயே ஒரு வரி, வேகறப்ப மாறும், எல்லாம் 12 வரும்னு உறுதி இல்லன்னு. வக்கீல்களுக்கு 5,20,000 டாலர். வழக்குல பேர் குடுத்த பத்து பேருக்கு ஆளுக்கு 500 டாலர். சாண்ட்விச் வாங்குன மத்த ஜனத்துக்கு பட்டை நாமம். டெட் ஃபிராங்க்னு ஒரு வக்கீல், இந்த மாதிரி சமரசத்துக்கு ஆட்சேபம் போடறதே அவர் வேல, அப்பீல் போனார். 2017ல ஏழாவது சர்க்யூட் கோர்ட்ல ஜட்ஜ் டயான் சைக்ஸ் அந்த சமரசத்தக் கிழிச்சுப் போட்டாங்க. ஜனத்துக்கு இதால ஒரு நன்மையும் இல்ல, வக்கீலுக்கு மட்டும் ஃபீஸ் கெடைக்கற சமரசம் வெறும் வசூல் வேலைங்கற மாதிரி காட்டமா எழுதியிருக்காங்க.

ஸ்டார்பக்ஸ்லயும் அதே. கோல்ட் காபில ஐஸ் போட்டு அளவக் குறைக்கறான்னு ஒரு வழக்கு. ஐஸ் போட்டா குடிக்கறது குறையும்னு சின்னக் குழந்தைக்கே தெரியுமேன்னு சொல்லி 2016ல ஜட்ஜ் தள்ளிட்டார். நம்மூர் கரும்பு ஜூஸ் கடைல "ஐஸ் வேண்டாம்ணே"ன்னு சொல்றவன் அந்த ஜட்ஜ விட முன்னாலயே கண்டுபிடிச்சிட்டான்.

அதனால பவானி அண்ணே, உங்க கேள்விய நான் மாத்திக் கேப்பேன். ரொட்டி மாதிரியா, பிஸ்கட் மாதிரியா? உங்க மெத்தை குட்டையா இருக்கு சரி, ஃபோமும் கம்மியா, இல்ல அதே ஃபோம் அமுங்கி இருக்கா?

சும்மா வந்தேன்
இது தான் நான் மொதல்லயே சொன்னது

கௌரி டீச்சர்
நீங்க சொன்னது தூக்கம் வருதான்னு. அது வேற.

ஜெர்சித்தம்பி கேள்விக்கு கணக்கு இருக்கு. சொன்ன அளவு 78 x 60 x 6, பெருக்குனா 28,080 கன இன்ச். இருக்கற அளவு 77 x 60 x 5.25, அது 24,255. குறைவு 3,825. சதவீதத்துல 13.6. 11,400 ரூபால 13.6 சதவீதம் போட்டா சுமார் 1,550 ரூபா. ஒவ்வொரு ஓரத்துலயும் கொஞ்சங்கொஞ்சமா சுரண்டுனா கண்ணுக்குத் தெரியாது, மூணையும் பெருக்குனாத் தான் தெரியும்.

அடுத்து எடை. 32 டென்சிட்டின்னா ஒரு கன மீட்டர் ஃபோம் 32 கிலோ. சொன்ன அளவுக்கு 0.46 கன மீட்டர், எடை 14.7 கிலோ வரணும், துணி உறை சேக்காம. இருக்கற அளவுக்குன்னா 12.7 கிலோ. மெத்தைய எடை போட்டுப் பாருங்க. பதினஞ்சு வந்தா உங்களுது ரொட்டி. பதிமூணு வந்தா பிஸ்கட்.

வக்கீல்வண்டி
டீச்சர், கோர்ட்டுக்கு வந்துடுங்க.

தச்சன்மகன்
டீச்சர் கணக்குல ஒண்ணு, டென்சிட்டியும் கூடக்குறைய வரும். ஆனா இந்த வித்தியாசம் தெரிஞ்சுடும். பாத்ரூம் ஸ்கேல்ல போடாதீங்க அண்ணே, அது நாள் ஒரு எடை காட்டும்.

பவானிக்காரன்
எடை போட்டாச்சுங்க. மாமன் ஒருத்தர் ஈரோட்ல மஞ்சள் மண்டி வெச்சிருக்கார், முத்திரை வெச்ச தராசு. மெத்தைய சுருட்டி கயிறு கட்டி டாடா ஏஸ்ல எடுத்துட்டுப் போனேன், மண்டில அத்தன பேரும் வேலைய விட்டுட்டு வேடிக்கை. ஒருத்தர் "மஞ்சளுக்குப் பதிலா மெத்தையா, வெல என்னப்பா"ங்கறார். உறையோட சேத்து 13.1 கிலோ. மூணு தடவ வெச்சோம், அதே தான். தராசு சீட்டும் வாங்கிட்டேன், இப்ப மெத்தைல படுத்தா ராத்திரி பூரா மஞ்ச வாசன அடிக்குது அது தான் ஒரே கஷ்டம்.

பலகை வெச்சும் அளந்துட்டேன், நாலு மூலைல 5¼, 5¼, 5 3/16, 5⅜.

ஜெர்சிவாசி
பிஸ்கட்.

வக்கீல்வண்டி
பிஸ்கட் தான். உறையோட சேத்தே 13.1ன்னா அமுங்கிடுச்சுன்னு அவன் சொல்ல வழி அடைஞ்சு போச்சு. இப்ப இத செய்யுங்க. அந்த விற்பனைப் பக்கத்த முழுசா ஸ்கிரீன்ஷாட் எடுங்க, தேதி தெரியற மாதிரி, இன்னிக்கே. புகார் அனுப்புன மறுநாள் பக்கத்த மாத்திடுவாங்க. பில், பெட்டி மேல ஒட்டியிருந்த லேபிள் பத்திரம். பலகை வெச்ச போட்டோ, தராசு சீட்டு. மெயில்ல சுருக்கமா எழுதுங்க, நீங்க சொன்னது இது, வந்தது இது, 15 நாள்ல பணமோ வேற மெத்தையோ வேணும்னு. திட்டாதீங்க. பதில் இல்லன்னா 1915, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், பாதி விஷயம் அங்கயே முடிஞ்சுடும். அதுலயும் முடியலன்னா ஆன்லைன்லயே மனு போடலாம்.

ஆணையம் தேவைப்பட்டா பொருள ஆய்வகத்துக்கு அனுப்பும், அதனால மெத்தைய கிழிக்காதீங்க, உள்ள ஃபோம் பாக்கறேன்னு ஜிப் பிரிச்சு வெட்டிடாதீங்க.

ஹார்ட்டிஸ்க் அண்ணாச்சி
ஒரு சந்தேகம் வக்கீல் சார். இதே மெத்தைய ஆயிரம் பேர் வாங்கியிருப்பான்ல. அமெரிக்கா மாதிரி எல்லாருக்கும் சேத்து போட முடியாதா?

வக்கீல்வண்டி
முடியும். ஒரே குறை உள்ள பல பேருக்காக ஒருத்தர் ஆணையத்தோட அனுமதி வாங்கிப் போடலாம், பிரிவு 35(1)(சி). வீடு கட்டித் தராத பில்டருங்க மேல நெறையப் போட்டிருக்காங்க. ஆனா இதுல மொத்தப் பேரோட தொகையும் கூட்டுனா எந்த ஆணையம்ங்கறதே மாறும், நடத்தறதுக்கு ஆளும் காசும் வேணும். ஒரு மெத்தைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு (சிசிபிஏ) தவறான விளம்பரம்னு புகார் எழுதலாம், அதுல உங்களுக்குக் காசு வராது, விளம்பரத்த நிறுத்த வைக்கலாம்.

பூவும் நாரும்
வீடுன்னதும் ஞாபகம் வருது, 1,050 சதுர அடி ஃபிளாட்டுன்னு வாங்கி உள்ள அளந்தா 780 இருக்கே, அது பிஸ்கட்டா ரொட்டியா?

வக்கீல்வண்டி
அம்மா அதுக்குத் தனி இழை ஆரம்பிங்க. 2016க்கு அப்புறம் ரெராங்கற ரியல் எஸ்டேட் சட்டத்துல கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள்ள புழங்கற தரைப் பரப்பு, என்னன்னு விளக்கம் இருக்கு, அதச் சொல்லித் தான் விக்கணும். படிக்கட்டு, லிஃப்ட், வராண்டால எல்லாம் உங்க பங்கச் சேத்து சூப்பர் பில்டப்புன்னு காட்டுன காலத்துல வாங்குனீங்களான்னு மொதல்ல பாக்கணும்.

சும்மா வந்தேன்
சரி ஒத்துக்கறேன், 13 சதவீதம் கொஞ்சம் ஓவர் தான். பவானி ப்ரோ விடாதீங்க

பவானிக்காரன்
மூணு வாரம் கழிச்சு வரேன், அப்டேட்.

மெயில் போட்டேன், டீச்சர் கணக்க அப்படியே ஒட்டிட்டேன். அஞ்சாம் நாள் பதில், "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்", 1,000 ரூபா கூப்பன், அவங்க தலகாணி வாங்கிக்கலாமாம். அந்தத் தலகாணி எத்தன இன்ச்னு கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. வேண்டாம்னுட்டு 1915ல பதிஞ்சேன். ஒரு வாரத்துல வேற ஒரு ஆள் போன், இவர் மரியாதையாப் பேசுனார், முழுப் பணமும் தரேன், மெத்தைய ஒரிஜினல் பெட்டில வெச்சுக் குடுக்கணும்னார். அந்தப் பெட்டி முழங்கால் உசரம் தாங்க, மெஷின் வெச்சு காத்த உறிஞ்சி சுருட்டி அனுப்புனது, நான் எப்படிங்க அதுக்குள்ள திணிக்கறது. எடுக்க வந்த டெலிவரிப் பையனும் நானும் அரைமணி நேரம் மெத்தை மேல ஏறி உக்காந்து பாத்தோம். அவன் சிரிச்சுட்டே போட்டோ எடுத்து "பெட்டில அடங்கல"ன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டான்.

பணம் 11,400 முந்தாநேத்து அக்கவுண்ட்ல வந்துடுச்சு. வேற வண்டி அனுப்பறோம்னாங்க, இன்னும் வரல. விக்கற பக்கத்துல இப்ப 6 இன்ச்ங்கற அம்புக்குறிப் படம் இல்ல, "சுமார்"னு ஒரு வார்த்தை சேந்திருக்கு.

ஹார்ட்டிஸ்க் அண்ணாச்சி
நான் சொன்னேன்ல, பொடி எழுத்து வரும்னு.

வக்கீல்வண்டி
பவானி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சது நல்லதாப் போச்சா இல்லியா. மெத்தைய அவங்க எடுத்துட்டுப் போறேன்னா குடுத்துடுங்க, குடுத்ததுக்கு சீட்டு வாங்கிக்கோங்க.

தச்சன்மகன்
அடுத்த மெத்தை வாங்கறப்ப கட்டில் அளவச் சொல்லி ஊர்லயே தெச்சு வாங்குங்க அண்ணே. இலவம்பஞ்சுக்கு யாரும் இன்ச் சொல்லி ஏமாத்த முடியாது, ஒரு வருஷத்துல அதுவே பாதியாயிடும் 😂

பவானிக்காரன்
அதுல ஒரு சிக்கலுங்க ஐயா. மண்டில இருந்து கொண்டுவந்து திண்ணைல போட்டு வெச்சிருந்தேன். எங்கப்பா அதுல படுக்க ஆரம்பிச்சுட்டார். மஞ்ச வாசனைக்கு கொசு வர்றதில்லையாம். வண்டி வந்தா நான் இல்லைன்னு சொல்லுன்னு எங்கிட்டயே சொல்றார்.